அவள் அம்மாவுக்காகவும் ஜெபித்தோம்

ஆராதனை முடிந்து வெளியே வரும்போதோ கல்யாண வீட்டுப் பந்தியிலோ யாராவது ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்பதுண்டு: "முதல்ல ஃபாஸ்டரா எடுத்து, கொஞ்ச நாள் கழிச்சு அப்படியே தத்தெடுத்துக்கலாமாமே? நீங்க அப்படித்தானே செஞ்சீங்க?" கேட்பவர்கள் பெரும்பாலும் வருடக்கணக்கில் பிள்ளைக்காக ஏங்கியவர்கள். அவர்களிடம் இல்லை என்று சொல்வது கஷ்டம். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் இரண்டும் வேறு வேறு பாதைகள். ஃபாஸ்டர் என்று நாம் சொல்லும் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் 1956இலிருந்து நடக்கிறது. இப்போது அதைச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு பார்த்துக்கொள்கிறது. சொந்த வீட்டில் பாதுகாப்பு இல்லாத, அல்லது பெற்றோரால் தற்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இன்னொரு குடும்பம் வைத்து வளர்க்கிறது. பெற்ற குடும்பம் சீரானதும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதுதான் திட்டத்தின் நோக்கமே. தத்தெடுப்பு அப்படியல்ல. குடும்ப நீதிமன்றத்தின் ஆணையோடு, பிள்ளை நிரந்தரமாக உங்கள் பிள்ளையாவது அது. ஃபாஸ்டர் வீட்டிலேயே தத்துப் பிள்ளையாகிவிட்டவர்களும் உண்டு, எங்கள் சின்னவள் அப்படித்தான். ஆனால் அதை எதிர்பார்த்து உள்ளே வருகிறவர் ஒவ்வொரு நாளும் இன்னொரு தாய் தோற்றுப்போவதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த மனநிலையில் ஒரு குழந்தையை வளர்க்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். நிரந்தரமாக ஒரு பிள்ளை வேண்டும் என்பதுதான் உங்கள் வேண்டுதல் என்றால், நேராகத் தத்தெடுப்புக்கான முன்விளக்கக் கூட்டத்துக்குப் போங்கள். அதில் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முதல் கணவர் இறந்தபோது மகன் கைக்குழந்தை. இப்போதைய கணவருக்கு முதல் திருமணத்தில் ஒரு மகள். அந்தத் திருமணம் மணவிலக்கில் முடிந்தது. பெரியவள் பள்ளி நாள்களில் எங்களோடு இருப்பாள், வாரக்கடைசியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். நான் பிறந்ததிலிருந்தே மெதடிஸ்ட் கிறிஸ்தவள். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தில்தான் ஞாயிறு பள்ளி படித்தேன். கணவர் முருக பக்தர், தைப்பூசத்துக்கு சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடம் எடுப்பவர். கணவரின் அம்மா, அதாவது என் அத்தையும் எங்களோடுதான் இருக்கிறார். செங்காங்கில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அத்தை ஏற்றும் விளக்கு ஒரு பக்கம், என் வேதாகமம் வைக்கும் சின்ன மேசை இன்னொரு பக்கம். பிள்ளைகள் எந்த நம்பிக்கையில் பிறந்தார்களோ அதிலேயே வளரட்டும் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டோம். பெரியவளின் அம்மாவும் அதற்குச் சம்மதித்தார். பின்னால் வந்தவளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஃபாஸ்டர் யோசனையை எடுத்தது கணவர். விண்ணப்பித்த பிறகு வீட்டுக்கு வந்த அதிகாரிகள் எங்கள் இருவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. அத்தையிடம் பேசினார்கள், பிள்ளைகளிடம் தனித்தனியே பேசினார்கள். எங்கள் இரண்டாம் திருமணத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். மறுமணம் செய்தவர்கள் இதைக் கண்டு தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம். இன்னொரு தாயும் தகப்பனும் உள்ள பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அது எங்களுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. மதத்தைப் பற்றியும் நேரடியாகவே கேட்டார்கள்: இந்துக் குடும்பத்துப் பிள்ளை வந்தால் கோயிலுக்குக் கூட்டிப்போவீர்களா? வளர்ப்புப் பெற்றோர் பிள்ளையின் மதத்தை மாற்றக் கூடாது. ஞானஸ்நானம் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிறிஸ்தவராக இருந்துகொண்டு இதற்கு மனசார ஒப்புக்கொள்ள முடியுமா என்று என் தோழிகளில் சிலர் கேட்டார்கள். என்னால் முடிந்தது. பிறர் வீட்டுப் பிள்ளையின் கையில் பலவந்தமாகத் திணிக்கிற அளவுக்கு என் விசுவாசம் பலவீனமானது இல்லை.

அவள் வந்தபோது மூன்று வயது. பெயரையும் எங்கிருந்து வந்தாள் என்பதையும் எழுத மாட்டேன். அவள் அம்மாவின் கஷ்டங்கள் அவருடைய சொந்தக் கதை, அதையும் எழுதுவதற்கில்லை. ஃபாஸ்டர் காலம் முழுவதும் இந்த விஷயத்தில் கண்டிப்பு உண்டு. நீதிமன்றத்தின் பராமரிப்பு ஆணையின் கீழுள்ள பிள்ளையை அடையாளம் காட்டும் படத்தையோ தகவலையோ அனுமதியின்றி வெளியிடுவது சிறார், இளையர் சட்டப்படி குற்றம். தீபாவளிப் படத்தை ஃபேஸ்புக்கில் போட முடியாது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில்கூட யோசித்துத்தான் போட வேண்டும். சொந்தக்காரர்களிடம் இதை முதல் வாரமே சொல்லி வைத்துவிடுங்கள். பிள்ளையோடு எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குச் சாமான் வாங்கப் போவதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

முதல் மாதங்களில் எங்களை அதிகம் கலங்க வைத்தது அவள் அழுகை அல்ல, அழாமல் இருந்ததுதான். யார் கையை நீட்டினாலும் போய்விடுவாள். பெண்கள் எல்லாரையும் அம்மா என்பாள். ஆலயத்தில் முன்பின் தெரியாதவர் மடியில் ஏறி உட்கார்ந்து கன்னத்தைத் தடவுவாள். "எவ்வளவு பாசமான பிள்ளை!" என்று எல்லாரும் கொஞ்சினார்கள். எங்களுக்கு வகுப்பு எடுத்த அதிகாரி வேறு மாதிரி சொன்னார். யாரையும் நம்பிச் சாய்ந்து பழகாத பிள்ளைதான் இப்படி எல்லாரிடமும் போகுமாம். கொஞ்ச காலத்துக்கு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் எங்கள் இருவர் கையிலேயே இருக்கட்டும் என்றார். அத்தைக்குக்கூட அது வருத்தம்தான், ஆனாலும் பொறுத்துக்கொண்டார். ஆலயத்து அக்காமார்களிடம் "தூக்காதீங்க, கையசைச்சா போதும்" என்று சொல்லிவிட்டேன். ஒருசிலர் முகம் சுருங்கியது. ஒரு நாள் புதியவர் ஒருவர் கை நீட்டியபோது அவள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னதுபோல் வேறு எதற்கும் சொன்னதில்லை.

பக்தியுள்ளவர்கள் நல்ல மனசோடு சொல்கிற இரண்டு வார்த்தைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, "புண்ணியக் காரியம் பண்றீங்க." இதைப் பிள்ளையின் தலைக்கு மேலே நின்று சொல்வார்கள். தான் ஒரு காரியம், ஒரு தர்மம் என்று அந்தப் பிள்ளைக்குப் புரிய அதிக நாள் ஆகாது. இன்னொன்று, "கடவுள் உங்களுக்குன்னு கொடுத்த பிள்ளை." கேட்க இனிக்கும். ஆனால் அவள் வளர்ந்து யோசிப்பாள்: என்னை இவர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடவுள் என் அம்மாவுக்கு அந்தக் கஷ்டத்தைக் கொடுத்தாரா? அப்படி ஒரு கடவுளை என் வீட்டில் எந்தப் பிள்ளைக்கும் நான் அறிமுகப்படுத்த மாட்டேன். கடவுள் அவளோடும் இருக்கிறார், அவள் அம்மாவோடும் இருக்கிறார் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்வது. யாராவது மேற்கொண்டு கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லப் பழகிக்கொண்டோம்: "எங்க வீட்டுப் பிள்ளை." அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

மகன்தான் மிகவும் தவித்தான். அப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் வளர்ந்தவன். வந்தவள் திரும்பிப் போகக்கூடும் என்பது அவனுக்கு வெறும் தகவல் அல்ல. ஒரு ராத்திரி முழங்காலில் நின்று சத்தமாக ஜெபித்தான்: "ஆண்டவரே, பாப்பா திரும்பிப் போகவே கூடாது." அதற்கு ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கு நடந்து போகும்போது சொன்னேன்: "அவ போகக் கூடாதுன்னு கேட்டா, அவ அம்மாவுக்கு நல்லதே நடக்கக் கூடாதுன்னு கேட்ட மாதிரி ஆயிடும்ப்பா." கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவன் கேட்டான்: "அப்போ எனக்கு?" அவன் கேட்டது நியாயம். "பயமா இருக்குன்னு ஆண்டவர்கிட்ட சொல்லு. அதைச் சொல்லலாம்" என்றேன்.

அன்றிலிருந்து அவள் அம்மா குணமாகவும், வேலை கிடைக்கவும், வீடு நிலைக்கவும் பேர் சொல்லி ஜெபித்தோம். அத்தை வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அதே பேரைச் சொன்னார். வாயளவில் தொடங்கிய ஜெபம்தான். ஆனால் தினமும் ஒருவர் பேரைச் சொல்லி நல்லது கேட்டுக்கொண்டே அவரை வெறுக்க முடியாது. சந்திப்புக்கு அவர் தாமதமாக வந்தால் முன்பெல்லாம் எனக்குள் பொங்கும். போகப் போக, பேருந்து கிடைத்திருக்காதோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

சந்திப்பு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது இங்கேதான். அதிகாரி பக்கத்தில் இருக்க, பிள்ளை தன் அம்மாவோடும் பாட்டியோடும் கொஞ்ச நேரம் இருப்பாள். பிஸ்கட் பொட்டலம், புது ரிப்பன் என்று ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். எம்ஆர்டி ரயிலில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி வாயே திறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைச் சுவரில் வீசுவாள், பெரியவளின் கலர் பென்சிலை உடைப்பாள். அன்று மாலை டியூஷன், ஜெபக்கூட்டம், விருந்தாளி என எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்காதீர்கள். ஒரு குளியல், ரசம் சோறு, சுட்ட அப்பளம். எங்கள் சின்னவள் அப்பளத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பாள். அது தீரும்போதுதான் பேச்சு வரும். கொடுத்தனுப்பிய ரிப்பன் நம் கண்ணுக்கு நன்றாக இல்லாவிட்டாலும் மறுநாள் அதைத்தான் கட்டிவிட வேண்டும்.

பெரியவள் இதில் எங்களுக்கெல்லாம் மேலே போய்விட்டாள். பென்சில் உடைந்த அன்று கோபப்படவில்லை. வாரக்கடைசிக்குத் தான் எடுத்துப்போகும் பையைத் திறந்து சின்னவளிடம் காட்டினாள். "எனக்கும் ரெண்டு வீடு. வெள்ளிக்கிழமை இந்தப் பையை எடுத்துட்டுப் போவேன், ஞாயித்துக்கிழமை வந்துடுவேன். அங்கேயும் அம்மா, இங்கேயும் ஆன்ட்டி." அதை அவள் சொன்ன விதத்தில் எங்களில் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மொட்டை விஷயம் அதன் பிறகு வந்தது. ஒரு சந்திப்பில் அவள் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, அவளுக்கு மொட்டை போடுறதா முருகனுக்கு வேண்டியிருந்தேன். பிறகு எல்லாம் மாறிப்போச்சு." அதிகாரியிடம் கேட்டு ஏற்பாடு செய்தோம். பாட்டியும் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டது நான்தான், வேறு யாரிடமும் இருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். கத்தி பட்டதும் உடம்பு விறைத்தது, பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாட்டி சந்தனத்தைக் குழைத்துத் தலையில் தடவினார். தடவும்போது என் கையிலும் ஒட்டியது. இந்த வேண்டுதல் என்னுடையதல்ல, என் சாமியிடம் வைத்ததுமல்ல. ஆனால் ஒரு தாய் கொடுத்த வாக்கு நிறைவேறியது, அதற்கு நான் மடி கொடுத்தேன். அதில் என் விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

கணவர் அவளுக்கு ராத்திரியில் சொன்னது முருகன் கதை. சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்த பிள்ளை, பிறகு பார்வதியிடம் போனார். வளர்த்தவர்களையும் யாரும் மறக்கவில்லை. நான் சொன்னது மோசே கதை. நாணல் பெட்டியில் கிடந்த பிள்ளையைப் பார்வோனின் மகள் எடுத்தாள், பாலூட்டக் கூலிக்கு வந்தவளோ பெற்ற தாய். இரண்டு கதையிலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தாய்கள், யாரும் யாரையும் துரத்தவில்லை. இரண்டு மதத்திலும் நமக்கு இந்தக் கதைகள் கையில் இருக்கும்போது, "ஆத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க, நாங்க எடுத்துட்டு வந்தோம்" என்று பிள்ளையிடம் விளையாட்டுக்குச் சொல்கிற பழக்கத்தை நம் வீடுகளில் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

சில ஆண்டுகள் போயின. திருப்பி அனுப்புவதற்கான முயற்சி உண்மையாகவே நடந்தது. ஒரு கட்டத்தில் அவள் துணிமணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டோம். அது நடக்காமல் போனதன் காரணங்கள் எழுதுவதற்கில்லை. பிறகு ஒரு நாள் அவள் அம்மா சொன்னார்: "அக்கா, நான் நல்லா யோசிச்சுட்டேன். அவ உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா என்னைப் பத்தித் தப்பா சொல்லி வளர்க்காதீங்க." நாங்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அதிகாரிகிட்ட பேசுங்க, அவசரப்படாதீங்க" என்றோம். இந்த இடத்தில் வளர்ப்புப் பெற்றோர் தாங்களாகப் பேசி முடிக்கவே கூடாது. அந்தத் தாய்க்குத் தனியாக ஆலோசனை கிடைக்க வேண்டும். நம் கண்ணீரைப் பார்த்து அவர் முடிவெடுக்கக் கூடாது.

தத்தெடுப்புச் சட்டம் இப்போது புதிது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் நிறைவேற்றப்பட்டது, 2024 அக்டோபர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஃபாஸ்டராக இருந்தோம் என்பதற்காக எதுவும் தானாக நடந்துவிடாது. முன்விளக்கக் கூட்டம், தத்தெடுக்கத் தகுதி உண்டா என்ற மதிப்பீடு, பெற்றோரின் சம்மதம், பிறகு குடும்ப நீதிமன்றம். மணமான தம்பதியர் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். ஆணை வந்ததும் ஃபாஸ்டருக்கான மாதப் படி நின்றுவிடும், வீட்டுக் கணக்கை அதற்கேற்ப முன்பே போட்டு வையுங்கள். பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது எப்படி என்பதுதான் பல பெற்றோருக்குப் பயம். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவள் வந்த நாளிலிருந்தே, அவள் அம்மாவின் படம் ஒட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது.

ஆணை வந்த பிறகு பெரியவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள்: "பாப்பாவுக்கு மட்டும்தான் நீங்க ரெண்டு பேரும் சட்டப்படி அப்பா அம்மா. எனக்கு அப்பா மட்டும், தம்பிக்கு நீங்க மட்டும்." சொன்னது அத்தனையும் உண்மை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளை என்றால் முறைப்படி தத்தெடுத்த பிள்ளையும் அடங்கும், துணையின் முதல் திருமணத்துப் பிள்ளை அடங்காது. அதாவது எனக்கு ஏதாவது ஆனால் என் பங்கில் பெரியவளுக்கு ஒரு காசுகூடக் கிடையாது. மகனைக் கணவர் தத்தெடுக்கலாம்தான். ஆனால் இறந்துபோன அப்பாவின் பெயர் தன் பெயரோடு அப்படியே இருக்க வேண்டும் என்பது மகனின் ஆசை, அதை மதிக்கிறோம். பெரியவளுக்கோ அம்மா இருக்கிறார், அந்தப் பேச்சே எழவில்லை. அதனால் இருவரும் உயில் எழுதினோம். மறுமணம் செய்தவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: கல்யாணம் ஆனதும் பழைய உயிலும், மத்திய சேமநிதிப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்த நியமனமும் செல்லாதவையாகிவிடும். சேமநிதிப் பணம் உயிலில் சேராது, அதற்குத் தனியே நியமனம் செய்ய வேண்டும். முஸ்லிம் குடும்பங்களில் கணக்கே வேறு. இஸ்லாமிய வாரிசுரிமைப் பங்கீடான ஃபராயிழில் தத்துப் பிள்ளைக்குப் பங்கு இல்லை. உயிரோடு இருக்கும்போதே கொடுக்கும் அன்பளிப்பான ஹிபா மூலமோ, சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்ட உயிலான வசிய்யத் மூலமோதான் கொடுக்க முடியும். அவர்கள் விவரம் தெரிந்தவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது என் பக்கத்து உறவுகள் கேட்கிறார்கள்: "இனிமே யாரையும் கேட்க வேண்டாமே, ஞானஸ்நானம் கொடுத்துடலாமே?" சட்டப்படி முடியும். செய்யப் போவதில்லை. அவள் அம்மா எங்களை நம்பியதற்கு அந்த மொட்டையும் ஒரு காரணம். கையெழுத்து விழுந்த மறுநாளே மனம் மாறினால் எங்கள் ஜெபத்துக்கு என்ன மதிப்பு? விரும்பினால் என்னோடு ஆலயத்துக்கு வருவாள், கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை அத்தையோடு சேர்ந்து விளக்கேற்றுவாள். வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்.

உயிலில் எங்களுக்குக் கடைசிவரை இழுத்தது பாதுகாவலர் பகுதி. நாங்கள் இருவரும் இல்லாமல் போனால் பெரியவளுக்கு அவள் அம்மா இருக்கிறார். மகனை என் தம்பி வீட்டுக்கும் சின்னவளை நாத்தனார் வீட்டுக்கும் அனுப்பினால் அவரவர் மதத்துக்குச் சரியாக இருக்கும் என்று முதலில் யோசித்தோம். ஆனால் இவ்வளவு பட்ட பிள்ளைகளை மதத்துக்காக மறுபடி பிரிக்க மனம் வரவில்லை. இருவரும் நாத்தனார் வீட்டில் சேர்ந்தே வளரட்டும் என்று எழுதினோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நாத்தனாரை உட்கார வைத்துப் பேசினோம். சின்னவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதில் அவருக்குச் சிரமமில்லை. மகனை ஞாயிறு காலை ஷார்ட் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போய், ஆராதனை முடியும்வரை இருந்து அழைத்து வருவதும் தன் பொறுப்புதான் என்று ஒப்புக்கொண்டார்.